கோபுரம் கட்டினோம், பெட்டியை மறந்தோம்

தருமபுரி வானொலியின் அலைவரிசை 102.5 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு குட்டையான அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். மலையைக் கண்டால் வளைந்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கத் தெரியாது. தருமபுரியோ மலைகளால் ஆன மாவட்டம். வத்தல்மலை, சித்தேரி, தொப்பூர்க் கணவாய், பென்னாகரத்துக்கு மேற்கே காவிரி வரை இறங்கும் காடு என்று எங்கு பார்த்தாலும் அலையை மறிக்கும் சுவர்கள். நகரத்து டீக்கடையில் தெளிவாகப் பேசும் அறிவிப்பாளரின் குரல், ஒரு சரிவைத் தாண்டியதும் கரகரக்கிறது; இன்னொரு மடிப்பைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது.

இந்தக் குறையைச் சொன்னால் உடனே வரும் பதில், இன்னொரு கோபுரம் கட்டலாம் என்பதுதான். ஒரு நூற்றாண்டாக நம் நாட்டில் வானொலி பற்றிய பேச்சு கோபுரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. எந்த ஊரில் நிலையம் திறந்தார்கள், எத்தனை கிலோவாட், யார் திறந்துவைத்தார் என்பவையே அதன் வரலாறாக எழுதப்பட்டன. கேட்பவர் கையில் இருந்த பெட்டிக்கு அந்த வரலாற்றில் இடம் குறைவு. ஆனால் தமிழ்நாட்டில் வானொலி எப்போதெல்லாம் மக்களுடையதாக மாறியதோ, அப்போதெல்லாம் மாறியது பெட்டிதான். இன்று அந்தப் பெட்டி முன்னெப்போதும் இல்லாத ஒரு மாற்றத்தைக் கடந்திருக்கிறது. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் செய்துவந்த வேலையைக் கூட்டலும் பெருக்கலும் எடுத்துக்கொண்டுவிட்டன. இந்த மாற்றத்தை நாம் இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை. அதனால் அதன் பலன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை.

1924 மே 16இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பும் தொடங்கியது. ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய அந்தக் கழகம் மூன்றே ஆண்டுகளில் பணமின்றி நின்றுபோனது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பு தொடங்கியபோது ஒரு முக்கியமான காரியம் நடந்தது. மெரினாவிலும் பூங்காக்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். பெட்டி வாங்க வசதியில்லாத மக்கள் மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். ஒலிபரப்புவது பாதி வேலைதான், கேட்க வழி செய்வது மீதிப் பாதி என்பது அன்றைய மாநகராட்சிக்குத் தெரிந்திருந்தது.

அகில இந்திய வானொலி சென்னையில் 1938 ஜூன் 16இலும் திருச்சியில் 1939 மே 16இலும் நிலையம் திறந்தது. கேட்கும் பெட்டியின் விலையோ நடுத்தரக் குடும்பத்துக்குக்கூட எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த நேரத்தில்தான், 1941இல், கோவையின் ஜி. டி. நாயுடு ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். வெளிநாட்டுப் பெட்டிகளின் விலையைப் பார்த்துப் பழகிய காலத்தில் அது துணிச்சலான பேச்சு. கோபுரத்தைக் கட்ட அரசு இருக்கிறது, பெட்டியை யார் மலிவாக்குவது என்ற கேள்வியை அவர் அன்றே எழுப்பிவிட்டார்.

அதற்கு விடை 1960களில் டிரான்சிஸ்டராக வந்தது. மின்சாரம் போகாத ஊருக்கும் பேட்டரிக் கட்டையின் துணையோடு ரேடியோ போயிற்று. ஊராட்சி அலுவலகத்துப் பெட்டியும் அதன் குழாய் ஒலிபெருக்கியும் ஊருக்கே செய்தி வாசித்தன. தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு உழவர்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு வயலுக்கு வந்த விதை அது. நிலையம் சொன்னது உண்மை; ஆனால் களத்து மேட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்ததால்தான் அந்தச் சொல் விதையாயிற்று.

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில், மூன்று மொழிகள் உரசிக்கொள்ளும் இடத்தில் இந்த மாவட்டம் கிடக்கிறது. இரவானால் வானத்தின் மேலடுக்கில் மாற்றம் நேரும். பகலில் மத்திய அலையை விழுங்கும் கீழடுக்கு கரைந்துபோக, மேலடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். சென்னை 720, பெங்களூர் 612, திருச்சி 936, தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் என்று தூரத்து நிலையங்கள் பாலக்கோட்டிலும் அரூரிலும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒருகாலத்தில் சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சியும் அலைபோல ஏறி இறங்கியது. ஒரு நிலையத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தெடுப்பது பெட்டியின் திறமை. அந்தத் திறமை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

பழைய டிரான்சிஸ்டரின் பின்மூடியைத் திறந்தால், திருகோடு சேர்ந்து சுழலும் கேங் கண்டென்சர் தெரியும். பக்கத்தில் கறுப்பு ஃபெரைட் கம்பியும் அதில் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும். பலகையின் நடுவே சிறு தகர டப்பிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் தலையில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் திருகுகள். சிவப்பு ஆஸிலேட்டர் காயில். மற்ற மூன்றும் ஐ.எஃப்.டி. என்னும் இடைநிலை அதிர்வெண் மின்மாற்றிகள். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றி, அங்கே வைத்து வடிகட்டுவது இந்தப் பெட்டிகளின் முறை. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் கண்ட வழி அது. ரேடியோ மெக்கானிக் உலோகம் கலக்காத பிளாஸ்டிக் திருப்புளியால் அந்தத் திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, காதால் கேட்டே அலைன்மென்ட் செய்வார். முடிந்ததும் மெழுகை உருக்கி ஊற்றி அசையாமல் நிறுத்துவார். நிலையங்களைப் பிரிக்கும் அறிவு முழுவதும் அந்த டப்பிகளிலும் அவர் விரல்களிலும் இருந்தது.

அந்த அறிவு கணக்காக மாறியதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஓர் அலையைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளவெடுத்து எண்களாக எழுதிவைத்தால், அந்த எண்களிலிருந்தே அலையை அப்படியே மீட்டுவிடலாம். நைக்விஸ்ட் 1928இலும், கோட்டெல்னிக்கோவ் 1933இலும், ஷானன் 1949இலும் இந்த உண்மைக்கு உருவம் கொடுத்தார்கள். தருமபுரி மாவட்டம் பிறந்த அதே 1965இல், கூலியும் டூக்கியும் ஒரு சிக்னலில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்பதை விரைவாகக் கணக்கிடும் வழியை வெளியிட்டார்கள். 1,024 எண்களைப் பழைய முறையில் அலசப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். புதிய வழியில் ஏறத்தாழப் பத்தாயிரம் போதும். அந்த நூறு மடங்கு மிச்சம்தான், அறை நிறைய நின்ற கணினியின் வேலையைப் பின்னாளில் நகக்கண் அளவுச் சிப்புக்குள் அடக்க வழி செய்தது.

இந்தக் கணக்கின் உச்சத்தைப் பார்க்க நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. உதகை அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. உதகையின் அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதைக் கிடத்தினார்கள். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். பல்சர் என்னும் விண்மீன்கள் சுழன்றபடி அனுப்பும் வானொலித் துடிப்பு, விண்வெளியில் பரவிக் கிடக்கும் எலக்ட்ரான்களைக் கடந்து வரும்போது கலைந்துபோகிறது; உயர்ந்த அதிர்வெண் முன்னும் தாழ்ந்தது பின்னுமாக வந்து சேர்கிறது. 2015 வாக்கில் அங்கே அமைந்த ‘பாண்டர்’ என்னும் டிஜிட்டல் ஏற்பி, வந்த சிக்னலை எண்ணாக்கி, விண்வெளி செய்த குழப்பத்தைக் கணினியில் தலைகீழாகக் கணக்கிட்டு நீக்குகிறது. ஆண்டெனா அதே பழைய ஆண்டெனா. கேட்கும் முறை மாறியதால் அது புதிதாகக் கேட்கத் தொடங்கியது. நாம் சொல்ல வந்த செய்திக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

உதகையில் நடப்பது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலமும் முடிந்துவிட்டது. கணினியில் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்ற, விரல் நீளமே உள்ள ஒரு யு.எஸ்.பி. செருகி, உள்ளே வரும் சிக்னலின் மூல எண்களை அப்படியே கணினிக்குக் கொடுக்கவும் வல்லது என்பது 2012இல் ஆர்வலர்களிடையே பரவியது. அன்றிலிருந்து, மடிக்கணினியும் அந்தச் செருகியும் இருந்தால் எவரும் தம் மேசையில் ஒரு மென்பொருள் வானொலியை நடத்தலாம். அதில் தருமபுரி 102.5 எப்படிக் கேட்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

செருகி அந்த அலைவரிசையையும் அதன் அக்கம்பக்கத்தையும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி, வினாடிக்கு 24 லட்சம் முறை அளவெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு எண்கள். ஒன்றுக்கொன்று கால் அலை விலகிய இரு கோணங்களிலிருந்து எடுத்தவை. இரண்டையும் கிடையாகவும் நெடுக்காகவும் கொண்டால், வரைபடத் தாளில் ஒரு புள்ளி கிடைக்கும். அடுத்து, வேண்டாத பக்கத்து நிலையங்களை நீக்க வடிகட்டி. அதில் சுருளும் கிடையாது, மின்தேக்கியும் கிடையாது. அடுத்தடுத்த சில பத்து எண்களை, முன்கூட்டியே கணித்து வைத்த சில பத்து எண்களால் பெருக்கிக் கூட்டுவதே வடிகட்டல். சாமையைக் களத்தில் முறத்தால் புடைக்கும்போது பதர் விலகித் தானியம் நிற்பதுபோல, அந்தப் பெருக்கலில் 102.5 மட்டும் நின்று மற்றவை விலகிவிடும். வடிகட்டிய பின் பத்து அளவுகளில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். வினாடிக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். ஒரு பண்பலை நிலையம் அதில் அடங்கிவிடும்.

இப்போது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குக் கோணம் எவ்வளவு மாறியது என்று கணக்கிட வேண்டும். பண்பலையில் குரல் இருப்பது அதிர்வெண் மாற்றத்தில். அதிர்வெண் மாற்றம் என்பது கோணம் மாறும் வேகம். ஆகவே அந்தக் கோண வேறுபாடுகளின் வரிசைதான் அறிவிப்பாளரின் குரல். இன்னும் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் வினாடிக்கு 48 ஆயிரம் எண்கள். அவை ஒலிபெருக்கிக்குப் போகின்றன. கேங் கண்டென்சரின் வேலை, ஐ.எஃப்.டி.யின் வேலை, குரலைப் பிரித்தெடுக்கும் டிடெக்டரின் வேலை எல்லாம் பள்ளிக் கணிதத்துக்கு வெகு தொலைவில் இல்லாத நான்கு படிகளில் முடிந்துவிட்டன.

இதில் இன்னொரு வியப்பு இருக்கிறது. அந்தச் செருகி ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில், அதாவது 256 படிகளில் மட்டுமே எழுதும். பலத்த சிக்னலும் மெல்லிய சிக்னலும் ஒன்றாக வரும்போது இது போதாது. ஆனால் இரைச்சல் சீராகப் பரவியிருக்கும்வரை, வடிகட்டி வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் அளவுக்கு நுட்பம் கூடுகிறது. 24 லட்சத்தை 256ஆல் வகுத்தால் 9,375. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கு நம் பகுதியில் ஒதுக்கும் இடமே 9 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த அகலத்துக்குள் வந்து நின்றால், 8 பிட் கருவி 12 பிட் கருவியைப்போல் கேட்கிறது. மலிவான உறுப்பின் குறையைக் கணக்கு ஈடுசெய்கிறது. ஏழை மாவட்டங்களுக்கு இதைவிட நல்ல செய்தி அறிவியலில் அடிக்கடி வருவதில்லை.

கணினியும் வேண்டாம், கையில் பிடிக்கும் பெட்டி போதும் என்பவர்களுக்கும் இந்தக் கணக்கு வந்து சேர்ந்துவிட்டது. சிலிக்கான் லேப்ஸ் நிறுவனம் உருவாக்கிய எஸ்.ஐ. 4734 போன்ற சிப் 3 மில்லிமீட்டர் சதுரம்தான். பண்பலை, மத்திய அலை, சிற்றலை மூன்றும் அதற்குள் எண்ணாகின்றன. பழைய பெட்டியின் ஐ.எஃப்.டி. வடிகட்டிக்கு ஒரே அகலம், மெக்கானிக் வைத்ததுதான். இந்தச் சிப்பில் மத்திய அலைக்கு 6, 4, 3, 2.5, 2, 1.8, 1 கிலோஹெர்ட்ஸ் என ஏழு அகலங்கள். இரவில் இரண்டு நிலையங்கள் மோதும்போது அகலத்தைக் குறைத்தால் பக்கத்து நிலையம் ஒதுங்கும்; குரல் சற்று மங்கினாலும் சொல் புரியும். பெரிய ஏற்பிகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். விட்ரோவும் ஹாஃபும் 1960இல் கண்ட முறைப்படி தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வடிகட்டி, இரு நிலையங்கள் உரசும்போது எழும் விசில் சத்தத்தை அடையாளம் கண்டு தானே துடைத்துவிடுகிறது.

இழப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெழுகு ஊற்றிய டப்பிகளைத் திருப்பத் தெரிந்த மெக்கானிக்குக்கு அந்த 3 மில்லிமீட்டர் சிப்பில் செய்ய வேலை இல்லை. பழுதானால் பெட்டியைத் தூக்கிப் போடுவதே வழக்கமாகிவிட்டது. சந்துக்குச் சந்து இருந்த ரேடியோ ரிப்பேர் கடைகள் செல்பேசிக் கடைகளாக மாறின. சிப்புக்குள் என்ன கணக்கு நடக்கிறது என்பது நிறுவனத்தின் ரகசியம். பெட்டியைப் புரிந்துகொண்ட ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார் என்ற நிலை போய்விட்டது. கணக்குக்கும் எல்லை உண்டு. எல்.இ.டி. பல்பின் மலிவான டிரைவரும் மோட்டார் ஸ்டார்ட்டரும் மத்திய அலை முழுக்கத் தூவும் இரைச்சலுக்கு அடியில் சிக்னலே புதைந்துவிட்டால், எந்த வடிகட்டியாலும் அதைத் தோண்டியெடுக்க முடியாது. வராத சிக்னலைக் கணக்கு உண்டாக்கித் தராது.

இவ்வளவு வளர்ந்த பின்னும் நம் பொது ஒலிபரப்பு எங்கே நிற்கிறது? அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். என்னும் டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்து, சென்னை உட்பட நாடெங்கும் 35 மத்திய அலை ஒலிபரப்பிகளை அதற்கேற்ப நிறுவியது. தேர்வு தவறானதல்ல. ஒரே 9 கிலோஹெர்ட்ஸ் இடத்தில் தெளிவான ஒலியும், எழுத்துச் செய்தியும், பேரிடர் எச்சரிக்கையும் அனுப்பும் திறன் அதற்கு உண்டு. மலைநாட்டுக்கு அது குறிப்பாகப் பொருந்தும். ஒரு சிக்னல் நேராகவும், மலையில் பட்டுத் திரும்பியும் இரண்டு முறை வந்தால், மூன்று கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தது பத்து மைக்ரோவினாடி தாமதமாகச் சேரும். சாதாரணப் பண்பலையில் அந்தத் தாமதம் குரலைக் கிழித்துவிடும். டி.ஆர்.எம். முறையோ செய்தியைப் பல மெல்லிய அலைகளில் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் நிதானமாக அனுப்பி, நடுவில் ஓர் இடைவெளி விடுகிறது. மத்திய அலைக்கான ஒரு வகையில் அந்த இடைவெளி 2.66 மில்லிவினாடி. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் சுற்றி வந்த எதிரொலியும் அதற்குள் அடங்கும். இதையெல்லாம் பிரித்துப் படிக்க ஏற்பிக்குள் கூலி, டூக்கியின் அதே 1965ஆம் ஆண்டுக் கணக்கு ஓயாமல் ஓட வேண்டும்.

கோபுரம் வந்தது, பெட்டி வரவில்லை. டி.ஆர்.எம். ஏற்பி இன்று பெரும்பாலும் புதிய கார்களில் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே பொருத்தி, லட்சக்கணக்கான கார்களில் வெளியே வந்துவிட்டது. ஆனால் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டுச் சந்தைக்கு வரும் உழவர் கையிலோ, மலைக் கிராமத்து வீட்டிலோ அது இல்லை. ஊர்க் கடையில் கேட்டால் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் விலை சாதாரண ரேடியோவைப்போல் பல மடங்கு. பொதுப் பணத்தில் கட்டிய ஒரு சேவையைக் கார் வாங்கியவரால் மட்டும் கேட்க முடிகிறது என்பது, 1930இல் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தவர்களுக்கு நாம் சொல்ல வெட்கப்பட வேண்டிய செய்தி.

செல்பேசியிலும் இதே கதை. பல செல்பேசிச் சிப்புகளுக்குள் பண்பலையைக் கேட்கும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. தயாரிப்பவர்கள் அதை இணைக்காமலோ முடக்கியோ விற்றார்கள். 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், அந்த வசதியை முடக்கக் கூடாது, இல்லாத செல்பேசிகளில் சேர்க்க வேண்டும் என்று நிறுவனங்களை அறிவுறுத்தியது. அறிவுரை நல்லது, ஆனால் அது அறிவுரையாகவே நிற்கிறது. பேரிடர் நேரத்தில் இணையமும் செல்பேசிக் கோபுரமும் முதலில் விழும் என்பதை 2015 சென்னை வெள்ளம் காட்டிவிட்டது. கர்நாடக அணைகள் திறந்து, ஒகேனக்கல்லில் காவிரி வினாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டி ஓடிய ஆண்டுகள் உண்டு. பரிசல் ஓட்டுபவருக்கும், கரையோரம் மீன் பிடிப்பவருக்கும், அருவிக்குக் கீழே உள்ள குடியிருப்புக்கும் ஒரே நொடியில் எச்சரிக்கை போக ஒலிபரப்பைவிட நம்பகமான வழி இல்லை. அவர்களில் பலர் சட்டைப் பையில் அதைக் கேட்கும் சிப் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திறந்துவிட வேண்டியதுதான் மிச்சம்.

நார்வே 2017இல் தன் தேசியப் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு முழுதாக மாறியது. அதற்கு முன் நெடுங்காலம் இரண்டும் இணையாக ஓடின. வீடுகளில் புதிய பெட்டிகள் பரவிய பிறகே பழையதை அணைத்தார்கள். அப்படியிருந்தும் அங்கே எதிர்ப்பு எழுந்தது. நாம் அதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஒலிபரப்பு பலம் குறையக் குறையக் கரகரத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கரகரப்புக்கு நடுவிலும் எச்சரிக்கையின் இரண்டு சொற்கள் காதில் விழும். டிஜிட்டல் ஓர் எல்லைவரை பளிச்சென்று கேட்டு, அந்த எல்லையைத் தாண்டியதும் மொத்தமாக நின்றுவிடும். மலைச்சரிவில் வாழ்பவருக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே டிஜிட்டல் பெட்டி பரவும்வரை தருமபுரியில் பழைய பண்பலையைத் தொடக் கூடாது. மத்திய அலை நிலையங்களைச் செலவைக் காட்டி அவசரமாக மூடவும் கூடாது.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. ஒலிபரப்பிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஏற்பிக்கு என்று சட்டமாக வேண்டும். ஊராட்சிக்கு ஒரு டி.ஆர்.எம். பெட்டி, மலைக் கிராமப் பள்ளிக்கு ஒன்று, ஒகேனக்கல் கரையில் சில என்று தொடங்கலாம். அரசு மொத்தமாக வாங்க முன்வந்தால் விலை இறங்கும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு செல்பேசியிலும் பண்பலை திறந்திருக்க வேண்டும் என்பது அறிவுரையாக இல்லாமல் நிபந்தனையாக வேண்டும். அரசு வாங்கும் பெட்டிகளில் சிப்புக்குள் ஓடும் மென்பொருள் எவரும் படிக்கவும் திருத்தவும் உரியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பழைய மெக்கானிக்கின் இடத்தில் ஒரு புதிய மெக்கானிக் பிறப்பார். அவர் கையில் திருப்புளிக்குப் பதில் மடிக்கணினி இருக்கும். ஊரின் பெட்டியை ஊரிலேயே சரிசெய்யும் தகுதி மீண்டும் ஊருக்கு வரும்.

அந்த மெக்கானிக்கை உருவாக்கும் இடம் நம்மிடமே இருக்கிறது. தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் 2013இல் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. மாவட்டத்தில் ஐ.டி.ஐ.க்களும் கலைக் கல்லூரிகளும் உண்டு. சிக்னல் செயலாக்கம் என்ற பாடம் பல கல்லூரிகளில் கரும்பலகைச் சமன்பாடாகவே முடிந்துவிடுகிறது. தேர்வு எழுதிய மாணவர், தான் படித்த வடிகட்டியின் சத்தத்தை ஒருமுறைகூடக் கேட்காமல் பட்டம் வாங்குகிறார். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள செருகியும் ஒரு துண்டுக் கம்பியும் போதும். 102.5ஐ அவர் தன் கையால் எழுதிய நான்கு படிக் கணக்கில் கேட்கட்டும். தொப்பூரில் ஏன் கரகரக்கிறது என்பதை எதிரொலியின் தாமதத்தை அளந்து சொல்லட்டும். வத்தல்மலையில் எந்தச் சரிவில் சிக்னல் விழுகிறது, எதில் விழவில்லை என்று வரைபடம் போடட்டும். தகரத்தில் செய்த ஒரு கொம்பு ஆண்டெனாவையும் ஒரு நல்ல பெருக்கியையும் சேர்த்தால், பால்வீதியின் ஹைட்ரஜன் 1,420 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் முணுமுணுப்பையும் அதே செருகி பிடிக்கும். உதகையில் நடக்கும் அறிவியலும் தருமபுரி வகுப்பறையும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

சமன்பாடுகளைத் தமிழில் விளக்கும் எளிய பாடங்களும் கூடவே வர வேண்டும். படிகம், வால்வு, டிரான்சிஸ்டர் என்று ஒவ்வொரு தலைமுறைப் பெட்டியையும் தமிழர்கள் தங்கள் மொழியில் பேசியே கற்றார்கள், கடையில் கற்றார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். கணக்கால் ஆன பெட்டியையும் அப்படியே கற்க முடியும். முன்னைப் பெட்டிகளுக்குச் செம்பும் ஃபெரைட்டும் தொழிற்சாலையும் வேண்டியிருந்தன; அவை நம்மிடம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. இன்றைய பெட்டியின் பெரும்பகுதி மென்பொருள். அதை எழுதும் இளைஞர்கள் இந்த மாவட்டத்திலிருந்து நாள்தோறும் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் ஊருக்கான பெட்டியை எழுத வழி செய்தால், ஜி. டி. நாயுடு 1941இல் எழுப்பிய கேள்விக்குத் தருமபுரியிலிருந்தே பதில் வரும்.

மாநில அரசும், அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதியும் அடுத்த நிதி ஒதுக்கீட்டில் கோபுரத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கும் ஒரு வரி எழுதட்டும். அந்த வரி இல்லாத எந்த டிஜிட்டல் வானொலித் திட்டமும் பாதித் திட்டம்தான். மீதிப் பாதி கேட்பவருடையது. அவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது.